லினக்ஸ் ஏறிவிட்டது, வைஃபை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கம்ப்யூட்டர்களை எடைக்குப் போடாமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பயன்படுத்தலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்று எழுதியிருந்ததெல்லாம் சரி. "அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்" என்பதும் ஏறக்குறைய சரிதான். அந்த அரை மணி நேரத்துக்கு அப்புறம் என்ன நடக்கும் என்பதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அதாவது டிரைவர்: கம்ப்யூட்டரில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் ஓட வைக்கிற சின்ன மென்பொருள். ஆள் ஆளுக்கு "லினக்ஸ் நமக்கு ஆகாது" என்று திரும்பி ஓடுவது இந்த இடத்தில்தான். அதனால் இந்தக் கடிதம்.

உசிலம்பட்டியில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். பக்கத்து அறையில் கம்ப்யூட்டரும் உண்டு. எழுமலை, செல்லம்பட்டி, கருமாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். டைப்பிங் தேர்வு எழுதியதும் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்கும் சேர்ந்துகொள்வார்கள். டைப்பிஸ்ட் வேலை என்றால் இரண்டையும் கேட்கிறார்களே. எங்களிடம் இருப்பதோ மூன்றாம் தலைமுறை ஐ3 மெஷின்கள், நான்கு ஜிபி ராம். விண்டோஸ் 11 இதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காது. புதிதாக வாங்கினால் ஃபீஸை ஏற்ற வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் கட்டும் ஃபீஸ் அது. எனவே லினக்ஸ் ரகங்களில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டோம், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இந்த மெஷினுக்கு அதுதான் இலகு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் போட்ட காலத்தில் மதர்போர்டு சிடி எங்கே, கிராஃபிக்ஸ் சிடி எங்கே என்று பீரோவைக் குடைவோம். லினக்ஸில் அந்தத் தேடல் இல்லை. மானிட்டர் சரியான அளவில் வந்தது, லேன் கேபிளைச் செருகியதும் நெட் வந்தது, கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் எதற்கும் எதையும் கேட்கவில்லை. காரணம், லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னலுக்குள்ளேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே, சேர்ந்து வருகின்றன. இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரை இன்டெல் ஆட்களே எழுதிக் கர்னலில் சேர்க்கிறார்கள். கம்பெனியோ தன்னார்வலர்களோ எழுதிக் கொடுத்து அது கர்னலில் சேர்ந்துவிட்டால், அந்தச் சாமான் எந்தக் கிராமத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் ஓடும். சேரவில்லை என்றால் நம் பாடு திண்டாட்டம். பாதிக் கிணறு தாண்டிய கேஸும் உண்டு: கர்னலில் டிரைவர் இருக்கும், ஆனால் சாமானுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இருக்காது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் ரகத்தைத் தயாரிப்பவர்கள் இதற்காகப் பல வருடம் சண்டை போட்டு, 2022-இல் ஓட்டெடுப்பே நடத்தி, 2023-இல் வந்த டெபியன் 12 முதல்தான் அந்தக் கோப்புகளை இன்ஸ்டாலரோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதற்கு முந்தைய டெபியன் சிடியை யாராவது அன்போடு கொடுத்தால் வாங்காதீர்கள்.

எங்களுக்குச் சிக்கல் வைஃபையில் வந்தது. டெஸ்க்டாப்பில் வைஃபை கிடையாது. சுண்டுவிரல் நகமளவு யூஎஸ்பி அடாப்டர்களை வாங்கி மாட்டியிருந்தோம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நீலப் பெட்டி. சில மெஷினில் மாட்டிய உடனே நம் மோடத்தின் பெயர் தெரிந்தது. மற்றவற்றில் அப்படி ஒரு சாமான் மாட்டியதாகவே லினக்ஸ் காட்டிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இடம் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார்கள். மெஷினில் கோளாறில்லை, அடாப்டரோடு கோளாறும் நகர்ந்தது.

எங்கள் மாணவன் ஒருவன் கமாண்டு அடிக்கும் டெர்மினல் திரையைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்தான். மாட்டியிருக்கும் யூஎஸ்பி சாமான்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண்: நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம். முதல் நான்கு, எந்தக் கம்பெனி. அடுத்த நான்கு, அந்தக் கம்பெனியின் எந்தச் சாமான். ஓடுகிற அடாப்டருக்கும் ஓடாத அடாப்டருக்கும் பின்பாதி எண் வேறாக இருந்தது. "டீச்சர், பெட்டியில ஒரு பேரு போட்டிருக்கு, உள்ள வேற ஆளு உக்காந்திருக்கான்" என்றான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பார்கோடுக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒன்றில் 'வெர்ஷன் 1', மற்றதில் 'வெர்ஷன் 2'. உள்ளே இருக்கும் சிப்பையே மாற்றிவிட்டு, வெளியே மாடல் பெயரை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள். விண்டோஸ்காரருக்கு இது தெரியவே தெரியாது. கூடவே வரும் டிரைவர் சிடி இரண்டு சிப்புக்கும் சேர்த்து மூடி மறைத்துவிடும்.

இன்னொரு ரகமும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் செருகியதும் அது தன்னைச் சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். உள்ளே விண்டோஸ் டிரைவர் இருக்கும். ஃபைல் மேனேஜரில் அந்தச் சிடியை 'எஜெக்ட்' செய்தால்தான் வேஷத்தைக் கலைத்து வைஃபையாக மாறும். யார் யோசித்தார்களோ!

டிரைவர் வேண்டுமென்றால் இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் மெஷினைத் தூக்கிக்கொண்டு மதுரை ஆரப்பாளையத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் இணையுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைப் போடுங்கள். கம்ப்யூட்டர் அதை லேன் கேபிள் என்றே எடுத்துக்கொள்ளும். இதற்கான டிரைவர் கர்னலில் எப்போதோ வந்துவிட்டது. வீட்டு வைஃபையில் போன் இருந்தால் அந்த வைஃபையையே கேபிள் வழியாகக் கொடுக்கும், டேட்டாகூடச் செலவாகாது. ஒன்றே ஒன்று, சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மட்டமான கேபிளாக இருக்கக் கூடாது. கட்டுரையில் இந்த ஒரு பத்தி இருந்திருந்தால் எத்தனையோ பேருக்குப் புண்ணியமாகப் போயிருக்கும்.

நெட் வந்துவிட்டால் மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' என்றே ஒன்று மெனுவில் இருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் ரகத்தில் 'அடிஷனல் டிரைவர்ஸ்'. திறந்தால் இந்த மெஷினுக்கு வெளியிலிருந்து என்ன டிரைவர் இருக்கிறது என்று தேடிக் காட்டும், எது பரிந்துரை என்றும் போட்டிருக்கும். சில லேப்டாப் வைஃபைக்கும் என்விடியா கிராஃபிக்ஸுக்கும் இங்கேயே முடிந்துவிடும். எங்கள் அடாப்டருக்கு இங்கே ஒன்றும் வரவில்லை.

மதுரையிலிருந்து ஒரு தம்பி வந்தார். இன்டர்நெட்டில் யாரோ எழுதி வைத்திருந்த டிரைவரின் சோர்ஸ் கோடை, அதாவது அதன் மூல நிரலை, இறக்கி, அங்கேயே கம்பைல் செய்து (மெஷினில் ஓடும் வடிவத்துக்கு மாற்றி) போட்டார். ஓடியது. காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் அப்டேட் ஒன்று வந்தது. மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்து ஸ்விட்ச் போட்டால் வைஃபை இல்லை. அப்டேட்டில் கர்னல் மாறியிருக்கிறது. கையால் கம்பைல் செய்த டிரைவர் பழைய கர்னலுக்கானது, புதியதற்குச் செல்லாது. இதற்காகவே டிகேஎம்எஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதில் பதிந்து வைத்தால் கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். கம்பைல் செய்யத் தேவையான, புதுக் கர்னலுக்கான ஹெடர் கோப்புகள் மட்டும் இருக்க வேண்டும். அந்தத் தம்பி அதைச் செய்யவில்லை. சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் "டிகேஎம்எஸ்ஸில் போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

கடைசியில் எங்களுக்கு விடிவு வேறு வழியில் வந்தது. நாங்கள் போட்டிருந்தது மின்ட் 21, அதில் வந்தது 5.15 கர்னல். எங்கள் சிப்புக்கான டிரைவர் 6.2 கர்னலில்தான் உள்ளே சேர்ந்திருக்கிறது. மின்ட் 22-இல் இருப்பது 6.8. அதைப் போட்டோம். யாரும் எதையும் கம்பைல் செய்யவில்லை, எந்தக் கமாண்டும் அடிக்கவில்லை. செருகினோம், வந்தது. ஆகவே ஒரு சாமான் ஓடவில்லை என்றால் முதலில் கர்னல் எண்ணைப் பாருங்கள். மின்ட்டின் அப்டேட் மேனேஜரிலேயே கர்னலுக்கு என்று தனிப் பகுதி இருக்கிறது. பழையது ஓரமாக இருக்கும், புதியது ஒத்துவராவிட்டால் பூட் ஆகும்போது பழையதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மிகப் புதிய லேப்டாப்புக்குப் பழைய பதிப்பைப் போடுவதும் இதே காரணத்தால்தான் உதவாது.

லேப்டாப்பில் இன்னொரு கூத்து. எங்களிடம் படிக்கும் ஒரு பெண் தன் லேப்டாப்பில் டிரைவர் மேனேஜர் வழியாக எல்லாவற்றையும் சரியாகத்தான் போட்டாள். பாதியில் ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தாள். ரீஸ்டார்ட் ஆனது. மின்ட் வருவதற்கு முன்னால் நீல நிறத்தில் ஒரு திரை. எம்ஓகே மேனேஜ்மென்ட் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, ஏதாவது ஒரு பட்டனை அழுத்து என்கிறது, பத்து விநாடி எண்ணிக்கொண்டே வருகிறது. வைரஸ் என்று பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். பத்து விநாடி முடிந்து மின்ட் வந்தது, டிரைவர் வேலை செய்யவில்லை.

நடந்தது இதுதான். புது மெஷின்களில் செக்யூர் பூட் என்று ஒரு காவல் இருக்கிறது. கையெழுத்தில்லாத டிரைவரைக் கர்னலுக்குள் விடாது. அந்த மெஷினிலேயே ஒரு கையெழுத்தைத் தயாரித்து, "இது என்னுடையதுதான், நம்பலாம்" என்று மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கான திரை அது. அங்கே ஒரு பட்டனை அழுத்தினால் பட்டியல் வரும். முதல் வரி 'கன்டினியூ பூட்'. அவசரப்பட்டு என்டரைத் தட்டினால் அதே கதைதான். இரண்டாவது வரியான 'என்ரோல் எம்ஓகே'க்கு அம்புக்குறியால் இறங்க வேண்டும். அப்புறம் 'கன்டினியூ', 'யெஸ்', முன்பு கொடுத்த அதே பாஸ்வேர்டு, ரீபூட். பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது, எழுத்து விழவில்லையே என்று பதற வேண்டாம். அது ஒருமுறைக்கான பாஸ்வேர்டு. லேப்டாப்பைத் திறக்கும் பாஸ்வேர்டும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. திரையைத் தவற விட்டால் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடி வரும். செக்யூர் பூட்டையே பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸில்) அணைத்துவிடு என்று சர்வீஸ்காரர்கள் சொல்வார்கள். அணைத்தாலும் ஓடும்தான். ஆனால் கதவு பூட்டாமல் போகிற வேலை, எனக்கு மனசு ஒப்பவில்லை.

சவுண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் வரவில்லை என்றால் பத்துக்கு எட்டு முறை டிரைவர் காரணமாக இருக்காது. சத்தம் ஹெச்டிஎம்ஐ வழியாக ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் அவுட்புட்டை மாற்றினால் போதும்.

பிரிண்டருக்கு வருகிறேன். ஜெராக்ஸ் கடைக்குக் கடை ஒரு சின்ன லேசர் பிரிண்டர் இருக்கும், எங்களிடமும் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். வருடக்கணக்காக உழைக்கிற நல்ல மெஷின்தான். ஆனால் பக்கத்தை அமைக்கும் மூளை அதற்குள் கிடையாது. அந்த வேலையையும் கம்ப்யூட்டரே செய்து, அந்தக் கம்பெனிக்கு மட்டும் தெரிந்த பாஷையில் அனுப்ப வேண்டும். லினக்ஸ் டிரைவர் என்று பெயருக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது 32-பிட் காலத்துக் கோப்புகளைக் கேட்கிறது, போட்டாலும் முதல் பக்கம் வந்து இரண்டாவது பக்கத்தில் நின்றுவிடுகிறது. அதனால் அந்தப் பிரிண்டருக்காகவே ஒரு விண்டோஸ் மெஷினை நெட் இணைப்பில்லாமல் தனியாக வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பிடிஎஃப் எடுத்துப் பென் டிரைவில் கொண்டுபோய் அச்சடிப்பார்கள். புதிதாகப் பிரிண்டர் வாங்குகிறவர்கள் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்றோ மோப்ரியா என்றோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட பிரிண்டரை வைஃபையிலோ லேனிலோ இணைத்தால், பெரும்பாலும் தனி டிரைவரே தேவைப்படாது. போனிலிருந்தும் அச்சடிக்கலாம், லினக்ஸிலிருந்தும் அச்சடிக்கலாம்.

பிரிண்டர் டிரைவர் சண்டை நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1980 வாக்கில் இதே பாடுதான் பட்டார். பேப்பர் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி டிரைவரில் கொஞ்சம் மாற்ற நினைத்திருக்கிறார். சோர்ஸ் கோடைத் தர மறுத்துவிட்டார்கள். 1983-இல், யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை அவர் அறிவித்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். நாற்பது வருடம் கழித்து உசிலம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு நானும் அதே கோபத்தில்தான் இருக்கிறேன்.

எல்லோரும் மாறலாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் இ-சேவை மையம் வைத்திருப்பவர், "அக்கா, எனக்கும் போட்டுக் கொடுங்க" என்று வந்தார். ஆதாருக்கு விரல் ரேகை எடுக்கும் கருவியைக் காட்டச் சொன்னேன். கம்பெனி கொடுத்திருப்பது விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மட்டும். "உங்க மெஷின்ல கை வைக்காதீங்க" என்று அனுப்பிவிட்டேன். மற்றவர்கள் முதலில் பென் டிரைவில் லைவாக ஓட்டிப் பாருங்கள், ஹார்டு டிஸ்கைத் தொடவே வேண்டாம். வைஃபை, சவுண்டு, வெப்கேம் வருகிறதா, மூடி வைத்த லேப்டாப் திறந்தால் எழுந்திருக்கிறதா, ஸ்கேனர் ஓடுகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இத்தனை பாட்டையும் ஒரு தட்டச்சு வாத்தியாரும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் படத் தேவையில்லை. விற்பவன் பெட்டியின் மேல் சிப்பின் பெயரையும், எந்தக் கர்னலிலிருந்து ஓடும் என்பதையும் ஒரு வரி அச்சிட்டால் போதும். மை செலவுதான். மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் "இதுக்குள்ள என்ன சிப்பு தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்குக்கா தெரியும், விண்டோஸ்ல ஓடும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

தனி ஆள் கேட்டால் கம்பெனி காதில் விழாது. அரசாங்கம் கேட்டால் விழும். ஏனென்றால் ஆயிரக்கணக்கில் வாங்குவது அரசாங்கம்தான். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர், தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்தபோதே அந்த நிறுவனம் சூசே என்ற லினக்ஸ் ரகத்துக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசு தன் அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளை (சோர்ஸ் கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளை) பயன்படுத்த 2015-இல் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பதே அந்த மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் தயாரித்துக் கொடுக்கும் லினக்ஸில்தான். மென்பொருளுக்குக் கொள்கை இருக்கிறது. கூடவே வாங்குகிற பிரிண்டர், ஸ்கேனர், விரல் ரேகைக் கருவி, வைஃபை அடாப்டருக்கு இருக்கிறதா? பள்ளிக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ சாமான் வாங்க டெண்டர் விடும்போது, "இதன் டிரைவர் லினக்ஸ் கர்னலில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது சோர்ஸ் கோடோடு தரப்பட வேண்டும்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து விண்டோஸின் அடுத்த பதிப்பு "இந்த மெஷின் எனக்கு ஆகாது" என்று சொல்லும்போது, அந்த லேப்டாப்புகள் பீரோவுக்குப் போகாமல் பிள்ளைகள் கையில் இருக்கும். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். அதில் எத்தனை வைஃபை சிப் என்று யோசித்துப் பாருங்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவாரென்றால், போன் கேபிளில் நெட் எடுப்பதையும் அந்த நீலத் திரையையும் படத்தோடு போடச் சொல்லுங்கள். எந்த வரிக்கு இறங்கி என்டர் அடிக்க வேண்டும் என்று அம்புக்குறி இருக்கட்டும். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் வந்தாலும் பரவாயில்லை. கத்தரித்துக் கம்ப்யூட்டர் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிலக ஆசிரியை,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்